அக்கா, நம்பர் வந்துச்சா?

டெய்லரக்காவின் போன் அவளுடையது என்று பெயருக்குத்தான். தெருவிலிருந்த பாதிப் பெண்களின் பணம் அதற்குள் குடியிருந்தது.

வங்கிக்காரர்கள் மேசை நாற்காலி போட்டுப் பெண்களுக்குக் கணக்குத் திறந்த அன்று, ஆளுக்கு ஒரு போன் நம்பர் கேட்டார்கள். வீட்டில் இருந்த போன் எல்லாம் புருஷன் சட்டைப் பையில், இல்லாவிட்டால் மகன் கையில். அந்த நம்பரைக் கொடுப்பதும் பணத்தைக் கூடத்தில் பரப்பி வைப்பதும் ஒன்றுதான். தையல் கூலியில் தனக்கென்று போன் வாங்கியவள் டெய்லரக்கா ஒருத்திதான். வரிசையில் முதலில் நின்ற பெட்டிக்கடைக்காரி யோசிக்கவே இல்லை. "டெய்லரு நம்பர எழுதிக்கங்க சார்" என்றாள். அடுத்தவள், அதற்கடுத்தவள், எல்லாரும் அதையே சொன்னார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே நம்பரா?"

"எல்லாரும் ஒரே தெருதானே சார்" என்றாள் பெட்டிக்கடைக்காரி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடைத்தெரு முனையிலிருந்த சேவை மையத்தில் போய் விரலை வைத்தால், டெய்லரக்காவின் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால்தான் பணம் கைக்கு வரும். மையத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். "அக்கா, நம்பர் வந்துச்சா?" டெய்லரக்கா போனை மெஷின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டு, கால் மிதியிலிருந்து காலை எடுக்காமலே ஆறு எண்களையும் ஒப்பிப்பாள். மெசேஜில் மற்றதெல்லாம் ஆங்கிலம். நூல்கண்டைச் சுற்றி வரும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? அவளுக்கு எண்கள் போதும்.

யார் எப்போது எடுத்தார்கள், யார் போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. "என் புருஷனுக்கே தெரியாத சங்கதியெல்லாம் உன் போனுக்குத் தெரியும்டி. அது மட்டும் பேச ஆரம்பிச்சா நாங்க ஊரைவிட்டு ஓடணும்" என்று பெட்டிக்கடைக்காரி சிரிப்பாள்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் ஒரு அழைப்பு வந்தது. டெய்லரக்கா ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு லைனிங் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரி பாதித் துணியில் இருந்தது.

"அக்கா, நம்பர் வந்துச்சா?"

பெண் குரல். அவசரம். பின்னால் ஆள் சத்தம். டிங் என்று மெசேஜும் வந்திருந்தது. டெய்லரக்கா ஓரக்கண்ணால் பார்த்து ஆறு எண்களையும் சொன்னாள். "சரிக்கா" என்று குரல் வைத்துவிட்டது. அவள் மிச்சத் துணியை வெட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மத்தியானம் முட்டைப் பண்ணையில் பேக்கிங் பணம் போட்டார்கள். அங்கே வாரக் கூலி கையில் வரும். கூடுதல் நேரம் உட்கார்ந்து முட்டை அடுக்கும் பெண்களுக்கு அந்தக் கூலி மட்டும் கணக்கில் விழும். டெய்லரக்காவின் போன் வரிசையாகச் சத்தம் போட்டது. அவள் ஒவ்வொன்றையும் கடைசி நாலு எண்ணை வைத்து அடையாளம் கண்டு மனசுக்குள் பெயர் சொல்லிக்கொண்டாள். இஸ்திரிக்காரம்மா மருமகள். கோடி வீட்டுக்காரி. அவள், இவள்.

அவளுடைய சொந்தத் தங்கச்சிக்கு மட்டும் வரவில்லை.

டவர் இல்லை போல என்று நினைத்தாள். போனை அணைத்துப் போட்டாள். ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். வாசலில் வெயிலில் நின்று பார்த்தாள். அதற்குள் கோடி வீட்டுக்காரிக்கு இரண்டாவது மெசேஜே வந்துவிட்டது. தங்கச்சிக்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் முந்தின நாள் அழைப்பு நினைவுக்கு வந்தது. நேற்று கூப்பிட்டது யார்?

செவ்வாய்க்கிழமை வந்த மெசேஜைத் தேடி எடுத்தாள். கடைசி நாலு எண் தங்கச்சியுடையது. ஆனால் அந்த நேரத்தில் தங்கச்சி பண்ணைக்குள் இருந்திருப்பாள். சங்கு ஊதாமல் யாரையும் வெளியே விட மாட்டார்கள். அவள் எப்படி மையத்துக்குப் போயிருக்க முடியும்?

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு டெய்லரக்கா ஓடினாள். செருப்பு ஜோடி மாறியிருந்ததை மையத்தின் படியில்தான் கவனித்தாள்.

மையத்துப் பெண் சின்னவள், தெருவுக்கே செல்லம். போனை வாங்கி ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது.

"அக்கா, இது பணம் எடுக்கிற நம்பர் இல்லக்கா. கணக்குல இருக்கிற போன் நம்பரை மாத்துறதுக்கு வந்தது. இத யாருக்குச் சொன்னீங்க?"

"நீதான் கூப்பிட்டேன்னு நினைச்சேன்."

"நேத்து நான் மத்தியானத்துக்கு மேலதான் கடையே திறந்தேன். வேற ஏதோ ஊர் மையத்துல கார்டை வெச்சு மாத்தியிருக்காங்க. இனிமே இந்தக் கணக்குக்கு எது வந்தாலும் புது நம்பருக்குத்தான் போகும். உங்களுக்கு வராது."

"யாரோட நம்பர்?"

அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்தாள். முழுசாகக் காட்டவில்லை, கடைசி சில எண்கள் மட்டும் தெரிந்தன. அது போதுமாக இருந்தது. அந்த எண்களை டெய்லரக்கா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தங்கச்சி வீட்டிலிருந்து ஏதாவது சேதி வருகிறதென்றால் அந்த நம்பரில்தான் வரும்.

மாப்பிள்ளையின் நம்பர்.

தங்கச்சி புருஷன் ஊருக்குள் நல்ல பேர் எடுத்தவன். அரிசி ஆலையில் எடை மேடை அவன் பொறுப்பு. குடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். எடை போடுகிற மாதிரியே பேச்சையும் அளந்து வைப்பான். போன வருஷம் தங்கச்சியின் வலது மணிக்கட்டு முறிந்தபோது அவனேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தான். "கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள் தங்கச்சி. எந்தக் கதவு என்று டெய்லரக்கா கேட்டபோது அவள் பேச்சை மாற்றினாள். எலும்பு கொஞ்சம் கோணலாகவே கூடியது. அதற்கப்புறம்தான் அவள் கூடுதல் நேரம் முட்டை அடுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பணம் எதற்கென்று அக்காவுக்கு மட்டும் தெரியும். தூரத்து நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பண்ணையிலிருந்து முன்னாலேயே போன ஒரு தோழி சொல்லி வைத்திருந்தாள். ஒரு ரூமுக்கு முன்பணம், மகள் பாப்பாவை அங்கே பள்ளியில் சேர்க்கக் கொஞ்சம். மாசக் கடைசியில் கிளம்புவதாக இருந்தது. பாஸ்புக் டெய்லரக்காவின் வெட்டும் மேசைக்கு அடியில், தைக்காத துணிகளுக்கு நடுவே கிடந்தது. கார்டு மட்டும் தங்கச்சியிடம். அதை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள். அவன் எடுத்துவிட்டான்.

எடுத்தும் கேட்கவில்லை. டெய்லரக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பாப்பா எப்போதும் போல மூலையில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குப் பாவாடை செய்தது. சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வந்தாள். கிருமிநாசினி வாசனை, கையெல்லாம் ஊறிச் சுருங்கி. அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் டெய்லரக்காவுக்கு மூச்சு இரைத்தது. "நான்தான்டி படிச்சேன். என் வாயாலதான் படிச்சேன்."

தங்கச்சி அழவில்லை. சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப அதான்" என்றாள்.

"எது?"

"நேத்து வரும்போது பாப்பாவுக்கு பன் வாங்கிட்டு வந்தாரு. உனக்கு ஏதாவது ஆசை இருந்தா சொல்லு, சேத்து வெச்சிருந்தா அதையும் போட்டு வாங்கலாம்னாரு. நான் என்ன சேத்தேன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அப்புறம் இந்தக் கையைப் புடிச்சுக்கிட்டாரு. இந்த மணிக்கட்ட. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாருக்கா."

பாப்பா நிமிர்ந்து பார்த்தது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இப்பவே போய் எல்லாத்தையும் எடுத்துடு" என்றாள் டெய்லரக்கா.

"எடுத்தா நம்பர் அவருக்குத்தானே போகும்?"

ஆமாம். மையத்துப் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள். இங்கே விரலை வைத்த மறுநொடி அவன் போன் அடிக்கும். ஒரே வழி, டவுனில் இருக்கும் கிளைக்குத் தங்கச்சியே பாஸ்புக்கோடு நேரில் போவது. அங்கே கணக்கை நிறுத்தி வைப்பார்கள், நம்பரையும் திருப்பி மாற்றித் தருவார்கள். ஆனால் பணம் கைக்கு வர நாலைந்து நாளாகும். நிறுத்திய உடனே அவன் நம்பருக்கு ஒரு மெசேஜும் போகும்.

"அது போகும்போது நீ அவன் கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும்" என்றாள் டெய்லரக்கா. "நாளைக்குக் காலையில. மாசக் கடைசி எல்லாம் வேண்டாம்."

"வெறுங்கையோடயா? பாப்பாவ வெச்சுக்கிட்டு நாலு நாள் எங்கக்கா நிப்பேன்?"

"யாரு வெறுங்கையோட போறது?"

பெட்டிக்கடைக்காரி வாசலில் நின்றிருந்தாள். ரவிக்கை வாங்க வந்தவள் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. டெய்லரக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யாருன்னு கேக்காம படிச்சுட்டேன். உங்க எல்லாரோட நம்பரும் என்கிட்டதான இருக்கு. இன்னும் யாரோடத அப்படிப் படிச்சேனோ."

"என்னோடதா இருந்தாலும் படிச்சிருப்ப. அதுல பெருசா ஒண்ணும் இல்ல, அதனால யாரும் மெனக்கெடல." பெட்டிக்கடைக்காரி குரலைத் தாழ்த்தினாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது. "அவ கணக்க யாரும் தொட வேணாம். அவன் போன் தூங்கட்டும். எங்க கணக்குல இருக்குல்ல? அஞ்சாறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தா போதும். காலையில மையம் திறந்ததும் போறோம். நீ உன் மெஷின்ல உக்காந்து நம்பர் படி. அதுதான் உன் வேலை."

"திருப்பிக் கொடுக்க முடியாமப் போச்சுன்னா?" என்றாள் தங்கச்சி. "அதுக்குள்ள அவரு எல்லாத்தையும் எடுத்துட்டாருன்னா?"

"அப்ப நீ சலவைக்காரியா ஆனப்புறம் எங்க புடவையெல்லாம் சும்மா வெளுத்துக் குடு. போ, போ. வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போ. மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போ."

அன்று தங்கச்சி பாஸ்புக்கைச் சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்து மூடி, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை டெய்லரக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வீட்டுக்கு இன்னொரு முறை அவளை அனுப்ப வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறு வழியிருந்தால் யாராவது சொல்லக் கூடாதா?

காலையில் தங்கச்சி எப்போதும் போல் சாப்பாட்டுத் தூக்கோடு தெருவைக் கடந்தாள். பாப்பா சீருடையில். டெய்லரக்கா வாசலில் கோலெடுத்துத் துணி உலர்த்துகிற மாதிரி நின்று பார்த்தாள். தங்கச்சி திரும்பவில்லை. தூக்கில் சாப்பாடு இல்லை. பாஸ்புக்கும் பாப்பாவின் ஒரு செட் துணியும் இருந்தன. பண்ணையைத் தாண்டிய நிறுத்தத்தில் பஸ். டவுன் ஒரு மணி நேரம். அங்கே வங்கி, வங்கியிலிருந்து ரயிலடி.

உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். போனை எதிரில் வைத்தாள். முதல் அழைப்புக்குக் காத்திருந்தபோது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா?"

மாப்பிள்ளை. கையில் மடித்த பேன்ட். செருப்பை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"வாங்க மாப்ள." குரல் சரியாக வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "டியூட்டி இல்லையா?"

"எடை மேடை ரிப்பேரு. ஆள் வந்து பாக்கற வரைக்கும் சும்மா இருங்கன்னுட்டாங்க. எனக்கு சும்மா இருக்கத் தெரியுமா? இது நீளமா இருக்கு, கொஞ்சம் மடிச்சுக் குடுங்க. நான் பாட்டுக்கு இப்படி உக்காந்திருக்கேன்."

ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போது வந்தாலும் அங்கேதான் உட்காருவான். எத்தனையோ நாள் அங்கே உட்கார்ந்து, அவள் நம்பர் படிப்பதைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறான். இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

போன் அடித்தது. மையத்தின் நம்பர்.

"எடுங்கக்கா" என்றான்.

ஸ்பீக்கரில் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று தோன்றும். போட்டாள்.

"அக்கா, நம்பர் வந்துச்சா?" இஸ்திரிக்காரம்மா.

ஆறு எண்கள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். வைத்ததும் மறுபடி அடித்தது. கோடி வீட்டுக்காரி. அப்புறம் இன்னொருத்தி. பேன்ட்டை மடித்து ஊசிக்கடியில் வைத்தாள். கால் மிதித்தது. கை எங்கேயோ போனது.

"இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல பணம் தேவைப்படுதே."

"டவுன்ல தள்ளுபடியாம் மாப்ள. புடவைக்கு."

"அப்படியா? என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையே."

"அவகிட்ட ஏது பணம்?" வாய் தவறி வந்துவிட்டது.

அவன் சிரித்தான். "அதானே."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டான். பிறகு சொன்னான்: "எல்லாரும் ஒரே மாதிரிதான் கேக்கறாங்க, இல்ல? அக்கா, நம்பர் வந்துச்சா. எங்க அக்காவுக்கு ரெண்டு தடவதான் சொல்லிக் குடுத்தேன். அப்படியே புடிச்சுக்கிட்டா. உங்களுக்குக் குரல் அடையாளமே தெரியலைல்ல?"

டெய்லரக்காவின் கால் நின்றது. மெஷினும் நின்றது.

"அக்கா, பேன்ட் காலையே மூடித் தச்சுட்டீங்களே."

குனிந்து பார்த்தாள். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து, காலை நுழைக்கவே வழியில்லாமல் ஒரே ஓட்டாகத் தைத்திருந்தாள். இருபது வருஷத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்.

"பிரிச்சிடறேன் மாப்ள. உக்காருங்க. துணி கிழியாம மெதுவாப் பிரிக்கணும்."

பிளேடை எடுத்தாள். ஒரு தையல். இன்னொரு தையல். இந்த நேரம் பஸ் பண்ணை நிறுத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். பெட்டிக்கடைக்காரி பணத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தாளா?

"என்கிட்ட கேட்டிருந்தா நானே கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்திருப்பேன்க்கா. ஏன் பயந்தா? நான் என்னைக்காவது அவகிட்ட சத்தம் போட்டிருக்கேனா? நீங்களே சொல்லுங்க."

"இல்ல மாப்ள."

"பணத்த நான் தொடல. கார்டையும் எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன். சாயங்காலம் அவ வரட்டும். உக்கார வெச்சு நிதானமா கேக்கணும்." தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அவளுடைய போனுக்குப் பக்கத்தில், மெஷின் பலகையில் நேராக வைத்தான். "வேற யாரும் இல்லாதப்ப."

இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டெய்லரக்கா தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். மேல் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"பண்ணை வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வரேன். சும்மாதானே இருக்கேன், கேட்ல நின்னு பாத்துட்டு வரலாம்."

"பேன்ட் முடிஞ்சிடும் மாப்ள."

"வந்து வாங்கிக்கறேன்." எழுந்துவிட்டான். போனை எடுத்துப் பையில் போட்டான். டெய்லரக்காவும் எழுந்தாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. குறுக்கே நின்றால் என்ன சொல்வது? விழுந்து கையைக் காலைப் பிடிப்பதா?

வாசலை அடைத்துக்கொண்டு பெட்டிக்கடைக்காரி நின்றாள். புடவை முழங்கால் வரை புழுதி, ஓட்டமாக வந்திருந்தாள். டெய்லரக்காவை ஒரு முறை பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். பஸ் ஏறிவிட்டார்கள்.

"தம்பி இங்கயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு. உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். போன வாரம் உங்க மேடையில போட்ட என் அரிசி மூட்டை குறையுது."

அவன் நின்றான். "குறையாது."

"குறையுது தம்பி. வீட்டுல தராசு வெச்சுப் பாத்தேன். உங்க மேடை எப்பவும் ஆலைக்காரன் பக்கம்தான் சாயும்னு ஊரே பேசுது. நான்தான் நம்பல."

"யாரு பேசறா?" அவன் முகம் சிவந்தது. டெய்லரக்கா அறிந்த வரையில் முதல் தடவை. "என் மேடையில ஒரு குந்துமணி தப்பாது. உங்க தராசுதான் தப்பு. கல்லு தேஞ்சிருக்கும்."

"அப்ப உக்காந்து எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் படிக்காதவ."

அவன் உட்கார்ந்தான். அவனால் உட்காராமல் இருக்க முடியவில்லை. வெறும் சாக்கின் எடை, ஈரம், கழிவு என்று விளக்க ஆரம்பித்தான். அவள் வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொண்டு மறுபடி மறுபடி கேட்டாள். நடுவில் இஸ்திரிக்காரம்மா ஒரு துணிப் பையோடு வந்தாள். "அளவு குடுக்கணும்" என்று தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் மருமகள். கோடி வீட்டுக்காரி. ஒவ்வொருத்தியாக வந்து, அளவு, கொக்கி, கிழிசல் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தார்கள். வாசல் முழுக்கச் செருப்புகள் குவிந்தன. அவன் ஒழுங்காக வைத்த ஜோடி அடியில் எங்கேயோ போய்விட்டது. டீ வந்தது. ஆறியது. சிரித்துப் பேசினார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. டெய்லரக்கா பிரித்ததை மறுபடி தைத்து, தைத்ததை மறுபடி பிரித்தாள்.

டிங்.

அவன் போனை எடுத்துப் படித்தான். ஒரு முறை. இன்னொரு முறை. கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எங்க அவ?"

இஸ்திரிக்காரம்மா துணிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? எங்க?" குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது. ஆனால் அடியில் ஏதோ உராய்ந்தது. எழுந்து மெஷினுக்கு அருகே வந்தான். கோடி வீட்டுக்காரியின் காலை மிதித்ததைக் கவனிக்கவில்லை. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

டெய்லரக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

பச்சையைத் தொட்டு, ஸ்பீக்கரையும் தொட்டாள். பழக்கம்.

"அக்கா, நம்பர் வந்துச்சா?"

பெண் குரல். அவசரம். பின்னால் ஆள் சத்தம். மெசேஜ் வந்திருந்தது. டெய்லரக்கா உடனே படிக்கவில்லை. முதலில் கடைசி நாலு எண்ணைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நாளில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"யாரு பேசறது?"

"நான்தான்க்கா. உன் தங்கச்சி. உன் நம்பரைத் திரும்பப் போடறாங்க. சீக்கிரம் சொல்லுக்கா." பின்னால், "பெரியம்மாவா?" என்று பாப்பாவின் குரல்.

"வைங்க அத!" அவன் கத்தினான். ஊரில் யாரும் கேட்டிராத சத்தம் அது. கையை நீட்டினான். பெட்டிக்கடைக்காரி எழவில்லை, உட்கார்ந்தபடியே அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிக்காரம்மா மறு கையை.

டெய்லரக்கா படித்தாள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, நிறுத்தி, மெஷின் ஓடாத அந்த அறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மட்டும் இன்னொரு முறை சொன்னாள்.

"சரிக்கா" என்று போன் அணைந்தது.

அவன் கைகளை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனான். செருப்புக் குவியலைக் காலால் கலைத்தான். தன்னுடையது கிடைக்கவில்லை. வெறுங்காலோடு இறங்கினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மேல் ரோட்டுப் பக்கம் திரும்பி, டவுன் பக்கம் போனது. ரயில் எத்தனை மணிக்கு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். வண்டியின் சத்தம் முழுசாக மறையும் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"திரும்பி இங்கதான் வருவான்" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"வரட்டும்" என்றாள் பெட்டிக்கடைக்காரி. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு, "பேன்ட்டாவது தச்சு வை. வந்து கேப்பான்ல" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டெய்லரக்கா பேன்ட்டை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். நகரம் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாகத் தங்கச்சி சொல்லியிருந்தாள். போய்ச் சேரச் சாயங்காலமாகும்.

மத்தியானம் ஆயிற்று. அடுப்பு வைக்க வேண்டியவர்கள், துணி தேய்க்க வேண்டியவர்கள், கடை திறக்க வேண்டியவர்கள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை.